பரசூட்டுக்குப் பின்னால் வரவேண்டியவர்கள்

ட்ரோன் வந்த பிறகு பரசூட் படைக்கு வேலை இல்லை என்று என் மருமகன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான். நாவிதன்வெளிப் பக்கம் எங்கள் வட்டையில் வேளாண்மைக்கு மருந்தடிக்க அவன் ட்ரோனோடு வந்திருந்தான். முன்பெல்லாம் பம்பை முதுகில் சுமந்துகொண்டு சேற்றுக்குள் நாள் முழுவதும் நடந்து அடித்த மருந்தை, இன்று அவன் வரம்பில் நின்றபடியே சில நிமிடங்களுக்கு ஓர் ஏக்கர் என்று அடித்துக்கொண்டு போகிறான். பற்றரி மாற்றும் இடைவெளியில் பேச்சு உகனப் பக்கம் திரும்பியது. "மாமா, இந்தக் காலத்தில் ஆளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் குதிக்கவிடுவது வீண் வேலை. அவர் தரையில் கால் வைக்குமுன் யாராவது ஒரு பொடியன் வீட்டு முற்றத்தில் இருந்தபடியே ட்ரோனை விட்டு முடித்துவிடுவான்" என்றான். சொல்லிவிட்டு அடுத்த வரவைக்குப் போய்விட்டான். எனக்குத்தான் அந்தப் பேச்சு மனதுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

உகன என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. விமானப்படையின் பரசூட் பயிற்சிப் பாடசாலை அங்கேதான் இருக்கிறது. கமாண்டோக்களும் விசேட படையினரும் குதிக்கப் பழகுவது அங்கேதான். அந்த வழியால் போகும்போது வானில் குடைகள் விரிவதைக் கண்டால், எவ்வளவு அவசரம் என்றாலும் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். வேடிக்கைக்காக மட்டும் அல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிழக்கில் வாழ்ந்த ஒருவனால் வானத்திலிருந்து இறங்கும் எதையும் கவனிக்காமல் கடந்துபோக முடியாது. எது வருகிறது, எங்கே இறங்குகிறது, இறங்கியபின் எந்தப் பாதையால் வெளியே போகும் என்று அப்போது பழகிய மனக்கணக்கு இன்னும் தானாகவே ஓடுகிறது. அதில் மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நாற்பது வினாடியும் அதன் பிறகும்

போருக்கான குதிப்பும் விளையாட்டுக்கான குதிப்பும் வேறு வேறு. விளையாட்டு வீரர் பல ஆயிரம் அடி உயரத்தில் குதித்து, தானே குடையை விரித்து, விரும்பிய இடத்தில் இறங்குவார். பெருந்தொகையாகக் குதிக்கும் படைவீரர் அப்படி அல்ல. விமானம் ஏறத்தாழ 800 அடியில் பறக்கும். குடையை இழுத்து விரிக்கும் நாடா விமானத்துக்குள் ஒரு கம்பியில் கொளுவப்பட்டிருக்கும். ஆள் கதவைத் தாண்டியதும் அதுவே குடையை விரித்துவிடும். அமெரிக்கர் இப்போது பயன்படுத்தும் டி-11 குடையில் வினாடிக்கு ஆறு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் இறங்குகிறார்கள். ஆக, வானத்தில் இருப்பது நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடிக்குள் அவரைச் சுட்டு வீழ்த்துவது சினிமாவில் தெரிவதுபோல இலகுவானது அல்ல. ஆனால் விமானத்தின் நிலை வேறு. ஒரு சி-130 விமானத்தில் 64 பேர் வரை ஏறலாம். இரண்டு கதவுகளில் ஒவ்வொன்றாலும் வினாடிக்கு ஒருவராகக் குதித்தாலும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் விமானம் மணிக்கு சுமார் 240 கிலோமீற்றர் வேகத்தில், வளையாமல், ஏறாமல், இறங்காமல் நேர்கோட்டில் பறக்க வேண்டும். அதற்குள் அது இரண்டு கிலோமீற்றர் கடந்துவிடும். முதலில் குதித்தவர் எங்கள் வட்டையின் இந்த முனையில் விழுந்தால், கடைசி ஆள் மறுமுனையையும் தாண்டித்தான் விழுவார்.

இதில் காற்றையும் சேர்க்க வேண்டும். தரையில் காற்று 13 நொட் (மணிக்குச் சுமார் 24 கிலோமீற்றர்) வேகத்தைத் தாண்டினால் அமெரிக்கத் தரைப்படை பயிற்சிக் குதிப்பை நிறுத்திவிடும். எங்கள் பக்கத்துக் கச்சான் காற்றை அறிந்தவர்களுக்கு, பின்னேரத்தில் அந்த அளவு எவ்வளவு இலகுவாகத் தாண்டப்படும் என்று தெரியும். பயிற்சியை நாளைக்குத் தள்ளிவைக்கலாம், போரைத் தள்ளிவைக்க முடியாது. 1943 ஜூலையில் சிசிலியில் முதல் இரவு காற்றே அமெரிக்க வீரர்களைத் தீவெங்கும் சிதறடித்தது. அதே மாதம் 11ஆம் திகதி இரவு இரண்டாவது தொகுதியை ஏற்றிவந்த 144 விமானங்களில் 23ஐச் சொந்தத் தரப்புப் பீரங்கிகளே பகையென்று எண்ணிச் சுட்டு வீழ்த்தின. தாழப் பறக்கும் மெதுவான விமானம் எவ்வளவு இலகுவான இலக்கு என்பது அன்றே தெரிந்துவிட்டது. நமக்கு அதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களில் பலாலிக்கு அருகே இலங்கை விமானப்படையின் இரண்டு அவ்ரோ போக்குவரத்து விமானங்கள் அடுத்தடுத்து வீழ்த்தப்பட்டன. ஒரு மனிதன் தோளில் வைத்து ஏவும் ஏவுகணை தீவின் வான் போக்குவரத்தையே எப்படி மாற்றியது என்பதை அந்த வருடங்களில் வாழ்ந்தவர்கள் மறக்கவில்லை. வான் பாதுகாப்பு உயிரோடு இருக்கும் இடத்துக்கு மேலாகப் பெரிய போக்குவரத்து விமானங்களை வரிசையாகக் கொண்டுபோவது, ட்ரோன் பிறப்பதற்கு முன்பே தற்கொலைக்குச் சமமாகியிருந்தது. இந்த அளவில் மருமகன் சொன்னது சரிதான். ஆனால் பழியை ட்ரோனின் தலையில் மட்டும் போட முடியாது.

ட்ரோன் மாற்றியது வேறொன்றை. அதை எனக்குக் காட்டியதும் அவன்தான். மருந்தடிக்கும் பெரிய ட்ரோனோடு, பயிரின் நிறம் பார்க்கவென்று ஒரு சின்ன கெமரா ட்ரோனும் அவனிடம் இருக்கிறது. அதை மேலே ஏற்றி, திரையை என் கையில் தந்தான். வரம்பில் நிற்கும் நான், வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த கூலியாள், வாடியின் நிழலில் படுத்திருந்த நாய், எல்லாமே பச்சைத் துணியில் தைத்த பொத்தான்கள்போலத் தனித்தனியாகத் தெரிந்தன. என் கண்ணைப் பிடித்தது அதுகூட இல்லை. களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தண்ணீர் குடிக்க வரவையின் நடுவிலிருந்து வரம்புக்கு வந்தார். ஒவ்வோர் அடிக்கும் காலை உருவி எடுத்து, அடுத்த அடி வைத்து, அவர் வந்து சேரும் வரை திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் ஒரு வெற்றுப் போத்தல் மட்டும் வைத்திருந்த, சேற்றில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கே அவ்வளவு நேரம் எடுத்தது. முப்பது நாற்பது கிலோ பாரத்தோடு, இருட்டில், முன்பின் தெரியாத ஊரில் விழுந்தவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? 2003 மார்ச் 26 அன்று இரவு வட ஈராக்கின் பஷூரில் அமெரிக்காவின் 173ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 950 பேர் குதித்தபோது, அவர்களை வரவேற்றது முழங்கால் புதையும் சேறு. எதிரி அங்கே இல்லை. குர்திஷ் பெஷ்மர்கா படையினர் ஏற்கெனவே அந்த நிலத்தை வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் விடியும்வரை ஆட்களைத் தேடித் தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. குதித்தவர்கள் ஒன்றுசேராதவரை அவர்கள் ஒரு படை அல்ல, வயலில் தவிக்கும் தனித்தனி மனிதர்கள். அந்த ஒன்றுசேரும் நேரத்தைத்தான் ட்ரோன் இன்று விழுங்குகிறது.

இரண்டாவது அலை

இருந்தும் நான் மருமகனிடம் முழுதாகத் தலையாட்டவில்லை. குதித்தவர்கள் எல்லா இடத்திலும் தோற்கவில்லை. ஜெயித்த இடங்களையும் தோற்ற இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முடிவு பெரும்பாலும் குதிப்பில் இல்லை. பின்னால் யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்பதில்தான் இருந்தது.

1941 மே 20 அன்று ஜெர்மனியர் கிரீட் தீவில் குதித்தார்கள். அவர்களில் பலர் கைத்துப்பாக்கியும் கைக்குண்டும் மட்டுமே உடலில் வைத்திருந்தார்கள். துப்பாக்கிகள் தனிப் பெட்டிகளில் வேறு குடைகளில் இறங்கின. பெட்டியைத் தேடி ஓடும்போதே பலர் செத்தார்கள். பிரித்தானியத் தரப்புக்கு இரகசியச் செய்திகள் முன்கூட்டியே கிடைத்திருந்தன. முதல் நாள் மாலை நிலவரப்படி தாக்குதல் தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அன்றிரவு மாலெமே விமான ஓடுபாதையைப் பார்த்தபடி இருந்த 107ஆம் மேட்டிலிருந்து நியூசிலாந்துப் பட்டாலியன் பின்வாங்கியது. மறுநாள் குண்டுமழைக்கு நடுவிலும் ஜெர்மனிய விமானங்கள் அந்த ஓடுபாதையில் மலைப்படையினரைக் கொண்டுவந்து இறக்கின. தீவு போனது. அதற்குக் கொடுத்த விலை, கொல்லப்பட்டோரும் காணாமல் போனோருமாக ஏறத்தாழ 4,000 பேர். பரசூட் படையின் காலம் முடிந்தது என்று ஹிட்லர் தன் தளபதி ஸ்டூடன்டிடம் சொன்னார். அதன் பிறகு ஜெர்மனி அந்த அளவில் குதிக்கவே இல்லை. அதே கிரீட்டைப் பார்த்த நேச நாடுகள் எதிர்மாறான பாடத்தைப் படித்துக்கொண்டு தங்கள் வான்வழிப் படைகளைப் பெருக்கின.

அந்தப் பாடத்துக்கு நெதர்லாந்தின் ஆர்னெம் பதில் சொன்னது. 1944 செப்டெம்பரில் பிரித்தானியாவின் முதலாவது வான்வழிப் படையணி இறங்கிய வெளிகள், அது பிடிக்க வேண்டிய ரைன் ஆற்றுப் பாலத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தன. எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுவர விமானங்கள் போதவில்லை. மீதிப் பேரைப் பனிமூட்டம் தாமதமாக்கியது. லெப்டினன்ட் கேணல் ஜோன் ஃப்ரொஸ்டின் ஆட்கள் பாலத்தின் வடமுனையை எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் பிடித்துவைத்திருந்தார்கள். ஆனால் தெற்கிலிருந்து வரவேண்டிய தரைப்படைக்கு இருந்தது ஒரே ஒரு தெரு, ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். அது வந்து சேரவில்லை. போன ஏறத்தாழ 10,000 பேரில் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம்.

இதற்கு நேர்மாறு நம் பக்கத்தில் நடந்தது. பங்களாதேஷ் விடுதலைப் போரில், 1971 டிசெம்பர் 11 அன்று இந்தியாவின் 2ஆவது பரா பட்டாலியன் டங்கைலுக்கு அருகே குதித்துப் பூங்லி பாலத்தைப் பிடித்தது. வடக்கிலிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தானியப் படையின் வழி அடைபட்டது. அதற்கடுத்த நாளே தரைவழியால் வந்த மராத்தா காலாட்படையினர் அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். கீழே இருந்த மக்கள் அவர்களை வரவேற்றார்கள். வங்காள விடுதலைப் போராளிகளான முக்தி பாகினி அந்தப் பகுதியில் ஏற்கெனவே பலமாக இருந்தது. டிசெம்பர் 16 அன்று டாக்கா சரணடைந்தது. பரசூட் தாக்குதலின் பெருமையைச் சொல்பவர்கள் எல்லோரும் டங்கைலைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் எதிரியின் வான் பலம் ஒழிந்திருந்தது, கீழே இருந்தவர்கள் நண்பர்கள், பின்னால் வருபவர்கள் ஒரு நாள் தூரத்தில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொக்குவில்

இவ்வளவையும் வாசித்துக்கொண்டு போனபோது, எல்லாவற்றையும்விட அருகில் நடந்த ஒன்றுக்கு நான் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தேன். பரசூட் இல்லாத வான்வழித் தாக்குதல் அது, ஹெலிகொப்டரில் இறங்கினார்கள். ஆனால் அதன் எலும்புக்கூடு கிரீட்டுடையதும் ஆர்னெமுடையதும்தான்.

1987 ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு, இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியில் புலிகளின் தலைமையைப் பிடிக்கத் திட்டமிட்டது. பலாலியிலிருந்து எம்.ஐ-8 ஹெலிகொப்டர்கள் பல்கலைக்கழக மைதானத்துக்குப் பறந்தன. முதலில் 10ஆவது பரா கமாண்டோ பிரிவினர் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையினர் அலையலையாக வந்து மைதானத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கீழே இருந்தவர்கள் தயாராக இருந்தார்கள். ஹெலிகொப்டர்கள்மீது கடும் வேட்டு. சீக்கியப் படையினரில் முப்பது பேர் மைதானத்தில் இறங்கியிருந்த நிலையில், சேதமடைந்த ஹெலிகொப்டர்களால் அடுத்த அலையைக் கொண்டுவர முடியவில்லை. கமாண்டோக்கள் தங்கள் இலக்கைத் தேடி மைதானத்தை விட்டு நகர்ந்துவிட்டார்கள். அந்த முப்பது பேரும் திறந்த வெளியில், வராத ஆட்களுக்காகக் காத்திருந்தார்கள். விடிந்து முடிந்தபோது 29 பேர் இறந்திருந்தார்கள். ஒருவர் பிடிபட்டார்.

கமாண்டோக்கள் கொக்குவில் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்து நின்று சண்டையிட்டார்கள். அவர்களை மீட்க யுத்த தாங்கிகள் புறப்பட்டன. தெருக்களில் கண்ணிவெடி இருக்கும் என்பதால் அவை ரயில் தண்டவாளத்தின் வழியே வந்தன. இராணுவ வரலாறுகளில் இந்தத் தண்டவாளப் பயணம் ஒரு சாமர்த்தியமான முடிவாகப் பதிவாகியிருக்கிறது. இராணுவ நோக்கில் அது உண்மையும்கூட. ஆனால் அந்த வரலாறுகள் நிற்கும் இடத்திலிருந்துதான் நமக்குத் தெரிந்த கதை தொடங்குகிறது. கொக்குவில் பிரம்படி ஒழுங்கை. ஒக்டோபர் 12. அந்த மீட்பு நடவடிக்கையின்போது அங்கே குழந்தைகளும் முதியவர்களும் உட்படப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். இன்றும் ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் அங்கே விளக்கேற்றுகிறார்கள்.

இரண்டையும் நான் முன்பே அறிந்திருந்தேன். பல்கலைக்கழக மைதானச் சண்டை ஒரு கதை, பிரம்படி இன்னொரு கதை என்று என் மனதில் தனித்தனியாக இருந்தன. ஒன்று படையினருடையது, மற்றது நம்முடையது. திகதிகளை ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் அவை ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள் என்பது உறைத்தது. வானத்திலிருந்து இறங்கியவர்களுக்குப் பின்னால் வரவேண்டியவர்கள் வரவில்லை. பிறகு வந்தவர்கள் அவசரத்தோடும் ஆத்திரத்தோடும் வந்தார்கள். அந்தப் பாதையில் வீடுகள் இருந்தன. சுட்டவர்களின் பொறுப்பை இது ஒரு துளிகூடக் குறைக்காது. தாமதம் யாரையும் கொலைகாரனாக்குவதில்லை. ஆனால் திட்டம் போட்டவர்கள் அந்த ஒழுங்கையை வரைபடத்தில் ஒரு கோடாகத்தான் பார்த்தார்கள் என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு மற்ற இடங்களையும் திரும்பிப் பார்த்தேன். கிரீட்டில் மாலெமேக்கு அருகே கொண்டோமாரி என்று ஒரு கிராமம். தங்கள் தோட்டங்களுக்குள் விழுந்த வீரர்களை ஊர்மக்களும் எதிர்த்தார்கள் என்பதற்காக, 1941 ஜூன் 2 அன்று அந்தக் கிராமத்து ஆண்களை ஒலிவ் தோப்பில் நிறுத்திப் பரசூட் படையினர் சுட்டுக் கொன்றார்கள். கூட இருந்த ஒரு ஜெர்மனியப் புகைப்படக்காரர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. வான்வழிப் போர் பற்றிய புத்தகங்களில் மாலெமேக்கு அத்தியாயங்கள் உண்டு. கொண்டோமாரிக்கு அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிகம்.

ஹொஸ்டொமெலும் அதன் அயலூரும்

2022 பெப்ரவரி 24 காலை, ரஷ்யாவின் வான்வழிப் படையினர் கீவ் நகருக்கு வடமேற்கேயுள்ள ஹொஸ்டொமெல் விமான நிலையத்தில் ஹெலிகொப்டர்களில் இறங்கினார்கள். உலகிலேயே மிகப்பெரிய பரசூட் படையை வைத்திருக்கும் நாடு, தன் தலையாய தாக்குதலில் பரசூட்டைப் பயன்படுத்தவில்லை என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். ஓடுபாதையைப் பிடித்தால், ஐ.எல்-76 விமானங்களில் மீதிப் படை வந்து இறங்கும். மாலெமேயின் அதே கணக்கு. உக்ரைனியர் பீரங்கியால் அடித்து ஓடுபாதையைக் கெடுத்தார்கள், எதிர்த்தாக்குதல் நடத்தினார்கள். போக்குவரத்து விமானங்கள் திரும்பிப் போய்விட்டன. உலகின் மிகப்பெரிய விமானமான அன்டனோவ்-225 அங்கேயே எரிந்தது. அடுத்த நாள் பெலாரஸிலிருந்து தரைவழியால் வந்த படை விமான நிலையத்தைப் பிடித்தது உண்மை. ஆனால் பிடித்தபோது அது விமானம் இறங்க முடியாத ஒரு வெளியாக இருந்தது. கீவை ஒரே மூச்சில் விழுத்தும் திட்டம் அந்த ஒரு நாளிலேயே உடைந்தது.

ஹொஸ்டொமெலுக்கு அடுத்த ஊரின் பெயர் புச்சா. கீவை நோக்கிப் போன கவச வாகனத் தொடர் பெப்ரவரி 27 அன்று புச்சாவின் ஒரு தெருவில் அழிக்கப்பட்டது. மார்ச் முடிவில் ரஷ்யர் பின்வாங்கியபோது அந்த ஊரில் 400க்கும் மேற்பட்ட உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. யப்லுன்ஸ்கா தெருக் கொலைகள் பற்றி நியூயோர்க் டைம்ஸ் நடத்திய புலனாய்வு, பிஸ்கோவ் நகரைத் தளமாகக் கொண்ட 234ஆவது ரெஜிமெண்டைச் சுட்டிக்காட்டியது. அது ஒரு வான்வழிப் படைப்பிரிவு. மாலெமேக்குக் கொண்டோமாரி, பல்கலைக்கழக மைதானத்துக்குப் பிரம்படி, ஹொஸ்டொமெலுக்குப் புச்சா. வான்வழித் தாக்குதலுக்கு எதிர்காலம் உண்டா என்று எழுதும் நிபுணர்கள் ஒவ்வொரு சோடியிலும் முதல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். விமானம் தப்புமா, வீரர் தப்புவாரா, ஓடுபாதை கிடைக்குமா என்பவையே அவர்களின் கேள்விகள். எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் படுகிறது.

இனி என்ன மிஞ்சும்

என் முடிவை மருமகனிடம் சொன்னேன். சிறு குழுக்கள் குதிப்பது நிற்காது. மிக உயரத்தில் குதித்து, குடையை விரித்தபடி பல கிலோமீற்றர் மிதந்து போய் இறங்கும் பத்துப் பன்னிரண்டு பேரை இன்றும் பிடிப்பது கடினம். எதிரி இல்லாத இடத்தில் குதிப்பதும் தொடரும்; 2013 ஜனவரியில் பிரெஞ்சு வெளிநாட்டு லீஜியன் மாலி நாட்டின் டிம்பக்டுவில் குதித்தது அப்படித்தான். பரசூட் வீரர்கள் என்ற பெயரில் வேகமாகப் புறப்படும் படைகளையும் நாடுகள் வைத்திருக்கும். 1988 நவம்பர் 3 அன்று மாலைதீவுக்குப் போன இந்தியப் பரா வீரர்களும், 2021 ஓகஸ்டில் காபூலுக்குப் போன அமெரிக்காவின் 82ஆவது வான்வழிப் படையணியினரும் குதிக்கவில்லை. ஓடுபாதையில் இறங்கி நடந்தே போனார்கள். எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற பயத்தை எதிரிக்குள் வைத்திருப்பதும் ஒரு பயன்தான். பின்புலத்து விமான நிலையங்களையும் பாலங்களையும் காக்க அவன் ஆட்களை ஒதுக்க வேண்டிவரும். ஆனால் ஆயிரக்கணக்கானோரை எதிரியின் நிலத்தில் இறக்கி, தரைப்படை வரும்வரை பிடித்துவைத்திருக்கச் சொல்லும் அந்தப் பழைய வகைத் தாக்குதலுக்கு இனி வழியில்லை. அதைக் கொல்வது குதிப்பவரைத் தேடும் ட்ரோனைவிட, அவருக்குப் பின்னால் வரும் லொறியைத் தேடும் ட்ரோன். நூறு கிலோமீற்றர் தெருவில் ஒரு வாகனத் தொடர் பகலிலும் இரவிலும் பார்வையில் இருக்கும்போது, யாரும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

பரசூட்டின் நல்ல பக்கத்தையும் அவனுக்குச் சொன்னேன். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொதிகளைப் போட்டதன் அரசியலை நாம் எல்லோரும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். 2024 மார்ச் 8 அன்று காசாவில் விரியாத ஒரு குடையோடு விழுந்த நிவாரணப் பொதி ஐந்து பேரைக் கொன்றது. கீழே நிற்பவரை மறந்தால் அரிசி மூட்டையும் ஆளைக் கொல்லும். ஆனாலும் வெள்ளத்தில் பாதை அறுந்த ஊருக்குச் சாமான் போடவும், ஆள் போக முடியாத இடத்தில் வைத்தியரை இறக்கவும் உகனவில் பழகும் திறமை பயன்படுமானால் அதை நான் இரு கையாலும் வரவேற்பேன்.

மருமகன் விடுபவன் அல்ல. "அப்படியென்றால் மாமா, பின்னால் லொறியே வேண்டாமே. சாமானை ட்ரோனே கொண்டுபோய்க் கொடுக்குமே" என்றான். இளம் பிள்ளைகளின் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. கேட்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அதற்கும் ஓர் அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஒக்டோபர் முதல் உக்ரைனியக் கடற்படைக் காலாட்படையினர் த்னீப்ரோ ஆற்றின் கிழக்குக் கரையில் கிரின்கி என்ற கிராமத்தைப் பிடித்து, 2024 நடுப்பகுதி வரை அங்கே ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பாலம் இல்லை. பெரிய ட்ரோன்கள் தண்ணீரும் உணவும் வெடிபொருளும் கொண்டுபோய்ப் போட்டன. ஒன்றுசேர்ந்து நிற்க முடிந்தது, முன்னேற முடியவில்லை. காயப்பட்டவர்களைப் படகில்தான் கொண்டுவர வேண்டும், படகுகளை ட்ரோன்கள் வேட்டையாடின. ட்ரோன் சாமானைக் கொண்டுபோகும். ஒரு படையணியின் காயக்காரரைத் தூக்கிக்கொண்டு வர அதனால் இன்றைக்கு முடியாது. அந்த வேலைக்கு யாராவது தெருவழியால்தான் வர வேண்டும். அந்தத் தெருவில் ஊர்கள் இருக்கும்.

கிரின்கியில் போருக்கு முன்பு வாழ்ந்தவர்களைப் பற்றிக் கேட்டான். அந்தக் கிராமத்தில் இன்று குடியிருக்க ஒரு வீடுகூட மிஞ்சவில்லை என்றேன். அடுத்த தடவை மருந்தடிக்க வரும்போது, சீனா ஒருநாள் வானிலிருந்து இறங்கக்கூடும் என்று பேசப்படும் தாய்வானின் விமான நிலையங்களைச் சுற்றி எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.